“டாக்டர், இனி வண்டி ஓட்டலாமா?”

வெளிநோயாளர் பிரிவில் ஒருவரைப் பரிசோதித்து, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்து, அடுத்த வருகைக்கான நாளையும் குறித்த பின்னர், அவர் எழுந்து கதவுவரை சென்று திரும்பி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உணவு பற்றியும் உறக்கம் பற்றியும் முன்பே கேட்டு முடித்திருப்பார். இதை மட்டும் கடைசியில், ஏதோ சிறு செய்தி போலக் கேட்பார்: “டாக்டர், இனி வண்டி ஓட்டலாமா?” நரம்பியல் மருத்துவர்களாகிய எங்களுக்கு, அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகக் கடினமானது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

வண்டி என்பது நம் ஊர்களில் பொழுதுபோக்குப் பொருள் அன்று. விடியற்காலையில் பால் ஊற்றுபவருக்கும், தவணை வசூலிக்கச் செல்பவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு விரையும் தாய்க்கும், ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கும் அது பிழைப்பின் ஓர் உறுப்பு. ‘ஓட்டாதீர்கள்’ என்று நாங்கள் சொல்லும் ஒரு சொல் அந்தக் குடும்பத்தின் வருவாயைத் தொடுகிறது. ‘ஓட்டலாம்’ என்று ஆராயாமல் சொல்லிவிட்டால், அது முன்பின் அறியாத ஒருவரின் உயிரையும் தொடக்கூடும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். பெரும்பாலானவற்றுக்கு மிகுவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நோயால் நேரும் விபத்துகள் அவற்றுடன் ஒப்பிடச் சிறு பகுதியே. ஆயினும் அந்தச் சிறு பகுதியில் பலவும் முன்கூட்டியே தடுத்திருக்கக் கூடியவை என்பதை அறிந்திருப்பதால்தான் இதனை எழுதுகிறோம்.

முதலில், ஓட்டுநர் உரிமம் பெறுவதற்குச் சட்டம் என்ன கேட்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு 16 வயது போதும். பேருந்து, சரக்குந்து முதலிய போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது. முதலில் பெறுவது பழகுநர் உரிமம், மக்கள் ‘எல்.எல்.ஆர்.’ என்பது இதுவே. சாலைக் குறியீடுகள், விதிகள் பற்றிய தேர்வில் தேறியதும் கிடைக்கும் அது ஆறு மாதங்களுக்குச் செல்லும். 30 நாள்கள் கழிந்த பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ‘எட்டுப் போட்டுக் காட்டுவது’ என்று ஊரெங்கும் அறியப்பட்ட அந்தத் தேர்வைப் பற்றி நாங்கள் விளக்க வேண்டியதில்லை; எங்கள் நோயாளிகள் எங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

நாங்கள் கவனப்படுத்த விரும்புவது, அந்த எட்டுக்கு முன்பே நிரப்பப்படும் ஒரு தாளை. ‘படிவம் 1’ என்று அதற்குப் பெயர். விண்ணப்பிப்பவர் தம் உடல்நிலை குறித்துத் தாமே கையொப்பமிட்டு அளிக்கும் உறுதிமொழி அது. பலர் அதைப் படித்ததே இல்லை. உடன் வந்தவரோ, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் உள்ளவரோ எல்லாவற்றுக்கும் உரிய விடையைக் குறித்துவிட, இவர் கையொப்பம் மட்டும் இட்டிருப்பார். அதில் வரும் முதல் கேள்வியே எங்கள் துறையைச் சேர்ந்தது: வலிப்பு நோயோ, ஏதேனும் காரணத்தால் திடீரென நினைவிழத்தலோ, தலைசுற்றலோ உமக்கு உண்டா என்பது. பின்னர் வருவன பார்வை, கை கால்களின் வலிமை, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன், மாலைக்கண், செவித்திறன் ஆகியவை. இறுதியாக, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா என்று பொதுவாக ஒரு கேள்வி.

40 வயதைக் கடந்தவர்களும், போக்குவரத்து வாகனம் ஓட்ட விண்ணப்பிப்பவர்களும் இதனுடன் ‘படிவம் 1அ’ என்னும் மருத்துவச் சான்றையும் இணைக்க வேண்டும். மருத்துவர் கண்ணையும் செவியையும் கை கால் மூட்டுகளையும் சோதித்து அதனை அளிக்கிறார். இங்கே வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து நிமிடச் சோதனையில் கண்ணாடி தேவையா என்று கண்டுபிடிக்கலாம். முழங்கால் மடங்குகிறதா என்றும் காணலாம். வலிப்பைக் காண இயலாது. இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் அந்த மனிதர் நம் எல்லோரையும் போலவே இருப்பார். ஆகவே, இவ்விடத்தில் சட்டம் நம்பியிருப்பது மருத்துவரின் கருவியை அன்று, விண்ணப்பிப்பவரின் வாயை.

இன்னொன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் சொந்த வாகனத்துக்கான உரிமம் பெறுபவருக்கு அது அவருடைய 40 வயது நிறையும்வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்து ஆண்டுகள். 50 முதல் 55 வயதுக்குள் பெற்றால் 60 வயது வரை. அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதாவது 18 வயதில் உரிமம் பெற்ற ஓர் இளைஞரிடம், அடுத்த 22 ஆண்டுகளுக்கு ‘உம் உடல்நிலை எப்படி?’ என்று எந்த அலுவலகமும் கேட்கப் போவதில்லை. அந்த 22 ஆண்டுகளில் வலிப்பு தொடங்கலாம்; சர்க்கரை நோய் தோன்றலாம்; தலையில் அடிபடலாம். சட்டைப் பையில் உள்ள அட்டை மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். சட்டம் இதை அறவே மறந்துவிடவும் இல்லை. நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமத்தை நீக்கவோ மருத்துவச் சான்று கேட்கவோ அதன் 16-ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அலுவலருக்கு அதிகாரம் அளிக்கிறது. தமது நோயால் ஆபத்து நேரும் என்று அறிந்தே ஓட்டுபவருக்கு 186-ஆம் பிரிவின் கீழ் தண்டமும் உண்டு. ஆனால் அலுவலருக்குத் தெரியவேண்டுமே!

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களிடம் வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். முப்பது வயதைக் கடந்தவர்; கடை கடையாகச் சென்று பொருள்களுக்கு ஆணை எடுக்கும் பணி; நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு. இரண்டு முறை கீழே விழுந்திருந்தார். மணல் சறுக்கிவிட்டது என்றார். தலைவலிக்காக வந்ததாகவே சொன்னார். வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார். அவர் வெளியே சென்ற பின்னர் அவருடைய மனைவி மட்டும், பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். “பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடும். கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். வாய் எதையோ மெல்வதுபோல அசையும். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரு நிமிடம் கழித்து, என்ன சொன்னாய் என்று கேட்பார். இரண்டு ஆண்டாக இப்படித்தான்” என்றார்.

வலிப்பு என்றதும், கீழே விழுந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது ஒரு வகை மட்டுமே. மூளையின் ஒரு பகுதியில், குறிப்பாகப் பொட்டுப் பக்கத்தில் உள்ள மடலில், மின்னோட்டம் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடங்கள்வரை நெறி தவறும்போது, அந்த மனைவி கண்டதுபோல அமைதியான வலிப்பு வரும். விழுவதில்லை, உதறுவதில்லை. அவர் அங்கே இருக்கிறார், ஆனால் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. பத்து நொடி நினைவு இல்லையென்றால், 170 மீட்டர் தொலைவு அந்த வண்டி ஆளில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள்.

இளைஞர்களிடம் காணும் மற்றொரு வகையையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்த சிறிது நேரத்துக்குள் கை தானாக ஒரு வெட்டு வெட்டும். பல்துலக்கும் தூரிகையோ தேநீர்க் குவளையோ நழுவி விழும். ‘கை நடுக்கம்’ என்றும் ‘கவனக் குறைவு’ என்றும் வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள். இரவெல்லாம் விழித்துத் தேர்வுக்குப் படித்தோ, திருமண வீட்டில் உறங்காமல் இருந்தோ மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது முழு வலிப்பாக அது வெளிப்படும். உரிய மாத்திரைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. அதனால்தான், குவளை நழுவிய நாளிலேயே வந்திருக்கலாமே என்று தோன்றும்.

அப்படியானால் எத்தனை நாள் ஓட்டக்கூடாது? இந்தக் கேள்விக்குப் பல நாடுகள் தெளிவான கணக்கு வைத்திருக்கின்றன. பிரிட்டனில், வலிப்பு நோய் உள்ளவர் ஓராண்டு முழுவதும் வலிப்பின்றி இருந்தால் சொந்தக் கார் ஓட்டலாம். மருந்து உட்கொள்வது தடையன்று. உறக்கத்தில் மட்டுமே வலிப்பு வரும் என்பது ஓராண்டுக்கு மேல் உறுதிப்பட்டவர்களுக்குத் தளர்வும் உண்டு. பேருந்து, கனரக வாகனம் ஓட்டுவதானால் மருந்தும் இன்றி வலிப்பும் இன்றிப் பத்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் இதே போக்கில் அமைந்தவை. ஓராண்டு என்னும் கணக்கு கைப்போக்கில் எழுந்ததன்று. வலிப்பு மீண்டும் வருமானால், அது முதல் சில மாதங்களில் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. நாள் செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே போகும். முறையாக மருந்து உட்கொள்வோருள் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் இதனுடன் சேர்த்து அறியவேண்டியது.

நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய கால வரையறை இல்லை. படிவம் 1-இன் கேள்வி ‘உண்டா, இல்லையா’ என்பதோடு நின்றுவிடுகிறது. நேற்று வலிப்பு வந்தவரும், எட்டு ஆண்டுகளாக வலிப்பே வராதவரும் அக்கேள்வியின் முன் ஒன்றே. இது சீர்செய்யப்பட வேண்டிய குறை என்பது எங்கள் கருத்து. வலிப்பு நோயைத் திருமணத்தைச் செல்லாததாக்குவதற்குக் காரணமாக இந்துத் திருமணச் சட்டம் ஏற்றிருந்த காலமும் உண்டு. 1999-இல் அதனை நீக்கினார்கள். மருத்துவம் முன்னேறியதைச் சட்டம் அங்கே கண்டுகொண்டது. உரிமப் படிவம் இன்னும் காணவில்லை. அதன் விளைவு பாதுகாப்பு அன்று, மறைத்தல். உண்மை சொன்னால் வாழ்நாள் முழுவதும் கதவு மூடும் என்று அஞ்சுபவர், பொய்யை எழுதிவிட்டு, பின்னர் மருத்துவரிடமும் அதே பொய்யைத் தொடர்கிறார். அந்த இரண்டாவது பொய்யால் மருந்தின் அளவு தவறிப்போகிறது. வலிப்பே வரவில்லை என்று சொல்பவருக்கு நாங்கள் மருந்தைக் கூட்டமாட்டோம் அல்லவா?

ஆகவே, நாங்கள் சொல்லும் அறிவுரை இதுவே. முதல் வலிப்பு வந்த நாள் முதல், நாங்கள் ஆராய்ந்து சொல்லும்வரை, எந்த வண்டியும் வேண்டா. மிதிவண்டியில் நெரிசலான சாலையில் செல்வதும் வேண்டா. எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. ஆகியவை காட்டுவதைப் பொறுத்து அடுத்தது அமையும். உடலில் சோடியம் குறைந்ததால் ஒருமுறை வந்த வலிப்பும், மூளையில் நாடாப்புழுக் கட்டியால் வந்ததும், பழைய தலைக்காயத்தின் வடுவால் வருவதும் ஒரே தன்மையுடையன அல்ல. நோய் உறுதிப்பட்டால், குறைந்தது ஓராண்டு வலிப்பின்றி இருப்பதை நாங்கள் மருத்துவ அளவுகோலாகக் கொள்கிறோம். மாத்திரையைக் குறைக்கும் காலத்திலும், நிறுத்திய பின் ஆறு மாதங்களிலும் மறுபடி ஓட்டாதிருத்தல் வேண்டும். பேருந்து, சரக்குந்து, பள்ளி வேன், வாடகை ஊர்தி ஆகியவற்றைப் பொறுத்தவரை எங்கள் விடை ‘வேண்டா’ என்பதே. வேறு தொழில் தேடிக்கொள்ளச் சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை.

“வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், ஓரமாக நிறுத்திவிடுவேன்” என்பார்கள் சிலர். வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவதுபோலவும், இல்லாத மணம் வீசுவதுபோலவும் தோன்றும் அந்த முன்னறிகுறி, உண்மையில் வலிப்பின் தொடக்கமே. நூறு முறை தந்த அவகாசத்தை நூற்றோராவது முறையும் அது தரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

மருத்துவர்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிவிடுவார்களோ என்னும் அச்சத்தையும் தீர்த்துவிட வேண்டும். வலிப்பு உள்ளோர் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் எங்களைப் பணிக்கவில்லை. நீங்கள் சொல்வது உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஆனால் பிறர் உயிருக்குத் திண்ணமான ஆபத்து என்று தெரிந்த நிலையில், இரகசியம் காக்கும் கடமைக்கு விலக்கு உண்டு என்று மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. வலிப்பு ஓயாத ஒருவர் பள்ளி வேனைத் தொடர்ந்து ஓட்டுவேன் என்று அடம்பிடித்தால், நாங்கள் வாய்மூடி இருக்க இயலாது. அதை அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம்.

எங்கள் பக்கத் தவறும் ஒன்றுண்டு. பல ஆண்டுகள், வீடு திரும்பும் நோயாளிக்குத் தரும் சுருக்கத்தின் கடைசி வரியில் ‘வாகனம் ஓட்டுதல் தவிர்க்க’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்தோம். அந்த வரியை எவரும் படித்ததில்லை. இப்போது குடும்பத்தாரையும் உடன் அமரவைத்துத் தமிழில் சொல்கிறோம். சொல்லிவிட்டு, பணிக்கு எப்படிச் செல்வீர்கள் என்றும் கேட்கிறோம். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பின்னரே, முதல் அறிவுரையைப் பலரும் பின்பற்றுகிறார்கள்.

வலிப்பைப் பற்றியே நீண்டுவிட்டது. எங்கள் துறை அது. ஆயினும் எண்ணிக்கையில் அதைவிட மிகுதியானோரைத் தொடுவது சர்க்கரை நோய். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வியர்வை, படபடப்பு, பசி. மேலும் இறங்கினால் எரிச்சல், குழப்பம், குடித்தவரைப் போன்ற பேச்சு. இதில் வஞ்சகம் என்னவென்றால், முடிவெடுக்கும் மூளையே முதலில் மங்குகிறது. ‘நிறுத்து’ என்று தமக்குத்தாமே சொல்லும் திறன் போய்விடுகிறது. நெடுநாள் நோயாளிகள் சிலருக்கு வியர்வையும் படபடப்புமாகிய எச்சரிக்கையே எழுவதில்லை. இன்சுலின் போடுபவர் வண்டியை எடுக்கும் முன் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் சோதித்துக்கொள்ளட்டும்; நெடும்பயணமானால் இரண்டு மணிக்கு ஒருமுறை. 90-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டபின் கிளம்பலாம். 70-க்குக் கீழே என்றால் கிளம்பக் கூடாது. வழியில் தாழ்ந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து விலகி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து பருக வேண்டும். அளவு சரியான பின்னும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். விரதநாளில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வண்டியில் கோயிலுக்குக் கிளம்புவோர் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும்.

பக்கவாதம் வந்து மீண்டவர்கள், கை கால் வலிமை திரும்பிவிட்டதும் ஓட்டலாம் என்று எண்ணுகிறார்கள். வலிமை கண்ணுக்குத் தெரிகிறது. பார்வைப் புலம் தெரிவதில்லை. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே மறைந்துவிடும். மறைந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். இடப்பக்கமாக வண்டி செலுத்தும் நம் நாட்டில், நடந்து செல்வோரும் நிறுத்தத்தில் நிற்போரும் அந்த இடப்பக்கத்திலேதான் இருக்கிறார்கள். சிறு பக்கவாதமானாலும் ஒரு மாதம் கழிந்து, பார்வைப் புலத்தைச் சோதித்த பின்னரே பேசுவோம். கால் வலிமை மட்டும் குறைந்தவர்க்கு, ஏற்றவாறு மாற்றியமைத்த வாகனத்துக்கு உரிமம் பெறச் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பலர் அறியாமல் வீட்டில் முடங்கிவிடுகிறார்கள்.

மாத்திரைகள் பற்றி ஒரு சொல். சளிக்கும் தும்மலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் உண்டு. அது உறக்கம் தரும். கால் எரிச்சலுக்கு நாங்களே எழுதித்தரும் பிரிகாபலின், உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபம், வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவையும் அவ்வாறே. புதிய மருந்து தொடங்கிய முதல் சில நாள்களும், அளவைக் கூட்டிய நாள்களும் வண்டிக்கு உரியவை அல்ல. உரத்த குறட்டையோடு, பகலில் அமர்ந்த இடத்திலெல்லாம் கண்ணயரும் ஓட்டுநர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அது உழைப்பின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். மருத்துவம் உண்டு.

கண்ணைப் பற்றிச் சட்டம் கேட்பது, நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிபவர் அணிந்தவாறே, 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் எண்பலகையைப் படிக்க முடியுமா என்பது. கிரிக்கெட் ஆடுகளம் 20 மீட்டர் நீளம். அதற்கும் அப்பால் ஐந்து பெரிய எட்டு வையுங்கள். தாத்தாவின் கண்ணை இன்று மாலையே தெருவில் நிற்கவைத்துச் சோதித்துவிடலாம். நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓர் ஆறுதல்: மிதமான, நடுத்தரமான குறை உள்ளவர்கள் இப்போது உரிமம் பெறலாம்.

வீட்டார்க்குச் சில செய்திகள். வலிப்பு கட்டுப்படாதவரை இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்வதும் பாதுகாப்பன்று. நினைவிழந்தால் விழுபவர் அவர், நிலைகுலைவது வண்டி. பேருந்தே நன்று. பெண்களுக்குத் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமும் இல்லை. சாலையில் ஒருவர் வலிப்புற்று விழுந்து கிடப்பதைக் கண்டால், போக்குவரத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. எங்களைக் கேட்டால், வலிப்பு உள்ளவர் கையில் சாவியைக் கொடுக்காமலிருப்பதே மருத்துவம் என்போம்.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு வண்டியைத் தரும் பெற்றோர், 2019-இல் வந்த 199அ பிரிவை ஒருமுறை கேட்டறிவது நல்லது. பிள்ளை குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

மனைவி திரும்பி வந்து சொன்ன அந்த மனிதருக்கு, பொட்டு மடலில் சிறு வடு இருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. வண்டியை நிறுத்தச் சொன்ன அன்று அவர் எங்கள்மீதும் மனைவிமீதும் கடுஞ்சினம் கொண்டார். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். அவருடைய முதலாளிக்கு, நோயின் பெயரைக் குறிப்பிடாமல், ‘மருத்துவக் காரணங்களால் வாகனம் ஓட்டும் பணி கூடாது’ என்று அவர் இசைவுடன் ஒரு கடிதம் தந்தோம். கிடங்குக் கணக்குக்கு மாற்றினார்கள். ஊதியம் சற்றுக் குறைவு. மருந்தை இருமுறை மாற்றிய பின் வலிப்பு நின்றது. பதினான்கு மாதம் கழித்துத் தம் நாட்குறிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அதே கேள்வியைக் கேட்டார். மருத்துவக் கணக்கில் ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது என்று சொன்னோம். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொல்ல எங்களால் இயலாது என்பதையும் சொன்னோம். மாத்திரை உட்கொண்டுவரும்வரை நோய் உண்டு என்பதே மருத்துவ உண்மை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உரிமம் முடிய இன்னும் மூன்று ஆண்டு இருப்பதாகவும், அதுவரை பேருந்திலேயே செல்லப் போவதாகவும் சொன்னார். நிறுத்தம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறதாம்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, எந்த வண்டி ஓட்டுகிறீர்கள், நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு, பின்னால் யாரை ஏற்றிச் செல்கிறீர்கள் என்பதை, கதவருகே சென்ற பிறகு அல்லாமல், அமர்ந்தவுடனே சொல்லுங்கள். வலிப்பு வரும்போது வீட்டார் கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்; பல வேளைகளில் அது இ.இ.ஜி.யைவிட மிகுதியாகச் சொல்கிறது.